கழுத்துக்கு ஒரு பத்து நிமிஷம்

பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நீங்கள் எப்படித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? தலையை மட்டும் திருப்பியா, அல்லது அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் மாதிரி உடம்பை மொத்தமாகத் திருப்பியா? முதல் ரகமானால் க்ஷேமமாக இருக்கிறீர்கள். வருமுன் காக்க இந்தப் பக்கத்தைப் படித்து வையுங்கள். இரண்டாவது ரகமானால், அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டு இப்படி வந்து உட்காருங்கள். இந்த வாரம் எழுதுவது உங்களுக்காகத்தான்.

எங்கள் எதிர் வீட்டு மாமி இரண்டாவது ரகம். ஒரு நாள் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர், "என்ன மாமி, சௌக்கியமா?" என்று நான் கேட்டதற்குத் தலையைத் திருப்பாமல், பிடித்திருந்த கதவோடு சேர்ந்து திரும்பினார். "ராத்திரி தலகாணி சரியில்லை" என்றார். ஒரு மாதமாகியும் அந்தத் தலையணை சரியாகவில்லை. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மாமா தைலம் வாங்கி வந்தார். பிள்ளை செல்போனில் தேடி ஏதோ ஒரு தலையணை தருவித்தான். மாட்டுப்பெண் ஒத்தடம் கொடுத்தாள். கடைசியில் டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தோடு வந்த காகிதத்தில் ஒரு வார்த்தை இருந்தது: தேய்மானம்.

இரண்டு மாத வலி செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்துவிட்டது. மாமியின் கழுத்தில் பட்டை ஏறியது. குனிவதில்லை, நிமிர்வதில்லை, கோவிலுக்குக் கூடப் போவதில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒன்றரை வயதுப் பேத்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வரும். மாமி சுவரோரமாக ஒதுங்கிக்கொள்வார். "பாட்டிக்கு எலும்பு தேஞ்சு போயிடுத்துடா கண்ணா, தூக்கப்படாது" என்பார். குழந்தைக்கு என்ன புரியும்? ஒரு பத்து நாள் கையைத் தூக்கிற்று. பிறகு தூக்குவதையே விட்டுவிட்டது. மாமி என்னிடம் வந்து கண்ணீர் விட்டது கழுத்து வலிக்காக அல்ல, இதற்காகத்தான்.

தேய்மானம் என்ற பூதம்

இந்தத் தேய்மானத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நம் கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச் சிவிங்கிக்கும் அதே ஏழுதான். நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையை இந்த ஏழும், இவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் விழித்திருக்கும் நேரமெல்லாம் சுமக்கின்றன. எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி வட்டுக்கள் இருக்கின்றன. வயது ஏற ஏற இந்த மெத்தை வற்றும், சற்றுப் பிதுங்கும். எலும்பின் ஓரம் கரடுமுரடாகும். தலை நரைப்பது போல, முகத்தில் சுருக்கம் விழுவது போல இதுவும் ஒன்று. நரைத்த மயிர் வலிக்கிறதா என்ன?

ஜப்பானில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். முடிவு வெளியானது 2015-ல். கழுத்து வலி முதலிய உபத்திரவம் எதுவும் இல்லாத 1,211 பேரை, இருபது வயதுக்காரர்கள் முதல் எழுபதைத் தாண்டியவர்கள் வரை, கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தேழு பேருக்கு மேல் வட்டு பிதுங்கித்தான் இருந்தது! இருபது வயது இளைஞர்களில்கூட முக்கால்வாசிப் பேருக்கு அப்படி. அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமும் அல்ல. இதை மாமிக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை கையை இறக்கியிருக்காது.

யந்திரமும் கையும்

டாக்டர் பிஸியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். முதலில் போன இடத்தின் பேர் வேண்டாம். பத்து நாள் போனார் மாமி. படுக்க வைத்து, சூடு வைத்து, 'கரண்ட்' வைத்து, எடை கட்டிக் கழுத்தை இழுத்து, அரை மணியில் அனுப்பிவிடுவார்கள். வீடு வரும் வரை சுகமாக இருக்கும்; மாலையில் பழைய குருடி கதவைத் திறடிதான். மாமியின் கழுத்தை யாரும் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது இடத்துக்கு நானும் துணைக்குப் போனேன். அங்கே இருந்தது இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். யந்திரம் எதையும் எடுக்கவில்லை; ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "அம்மா, ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க? தலகாணி ஒண்ணா, ரெண்டா? சமையல் மேடை உங்க இடுப்புக்கு இருக்கா, அதுக்குக் கீழேயா? டி.வி. எதிர்ல இருக்கா, பக்கவாட்டுலயா? போன் வந்தா எப்படிப் பேசுவீங்க?"

மாமி முதலில் முகத்தைச் சுளித்தார். "ஏண்டிம்மா, கழுத்து வலின்னு வந்தா ஆத்துக் கணக்கெல்லாம் கேக்கறயே?" என்றார். ஆனால் பதில் சொல்லச் சொல்ல எனக்கே விஷயம் விளங்கிற்று. அமெரிக்காவிலிருக்கும் பெண்ணோடு தினம் ஒரு மணி நேரம் பேச்சு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையால் குழம்பைக் கிளறியபடி. டி.வி. கூடத்தின் இடது மூலையில். மாமியின் நாற்காலி வலது சுவரோரம். ஊஞ்சலில் உட்கார்ந்து, மடியில் செல்போனை வைத்து, குனிந்தபடி ஒரு மணி. இரண்டு தலையணை. அவற்றுக்கு மேலே மகன் வாங்கித் தந்த மூன்றாவது!

சென்ற பல வருஷங்களாகச் 'செல்போன் கழுத்து' என்று ஒரு பேச்சு அடிபடுகிறதே, அதற்கு மூலம் 2014-ல் நியூயார்க் முதுகெலும்பு டாக்டர் கென்னத் ஹன்ஸ்ராஜ் போட்ட ஒரு கணக்கு. தலையை அறுபது பாகை குனிந்தால் கழுத்தின் மேல் ஏறும் பாரம் சுமார் 27 கிலோ என்று அதில் வந்தது. அது கணினியில் போட்ட கணக்குத்தான். அதைப் படித்துப் பயந்துவிட வேண்டியதில்லை. குனிவது குற்றமல்ல. கோலம் போடக் குனியாமல் முடியுமா? குனிந்தது குனிந்தபடியே அசையாமல் இருப்பதுதான் தசையை இறுக்குகிறது. "எப்படி உக்காரணும்னு ரொம்பக் கவலைப்படாதீங்கம்மா. அரை மணிக்கு ஒரு தரம் நிலையை மாத்துங்க. அது போதும்" என்றாள் அந்தப் பெண்.

பிறகு பரீட்சை நடந்தது. கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது, கையில் பலம் இருக்கிறதா, விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். முழங்கையில் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தாள். நரம்புக்குப் பழுதில்லை என்று தெரிந்த பிறகுதான் கையை வைத்தாள். மெதுவாக, கணுக் கணுவாக இளக்கிவிட்டாள். மாமிக்குப் பரம சந்தோஷம். "இதையே தினம் பண்ணிவிட்டாப் போறுமே!" என்றார்.

அதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலுக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். "இது கதவு மாதிரிம்மா. நான் திறந்துவிடலாம். உள்ளே நீங்கதான் நடந்து போகணும்."

சூடும் கரண்டும் வலியைச் சற்று நேரம் தணிக்கலாம். அதனால் உடம்பை அசைக்கத் தைரியம் வரும். அதற்கு மேல் அவை தசைக்குப் பலம் கொடுப்பதில்லை. பட்டையும் அப்படித்தான். சும்மா வலிக்கு நாள் கணக்கில் கட்டிக்கொண்டே இருந்தால், வேலை இல்லாத தசை மேலும் சோர்ந்து போகும். ஆனால் விபத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு டாக்டர் கட்டிய பட்டையை உங்கள் இஷ்டத்துக்குக் கழற்றிவிடாதீர்கள். மாமியும் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் கழற்றினார்.

பயிற்சி நிஜமாகவே பலன் தருமா என்பீர்கள். ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2003-ல் வெளியாயிற்று. நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 பேர். அத்தனை பேரும் ஆபீசில் வேலை பார்க்கும் பெண்கள். அறுபது அறுபது பேராக மூன்று கோஷ்டி. முதல் கோஷ்டிக்கு ரப்பர் பட்டையும் கை எடையும் கொண்டு கழுத்துக்கும் தோளுக்கும் பலப் பயிற்சி. இரண்டாவதற்கு லேசான எடையோடு பல தடவை செய்யும் பயிற்சி. மூன்றாவது கோஷ்டியும் சும்மா இருக்கவில்லை; உடலை நீட்டி வளைக்கும் பயிற்சியும், நடை போன்றவையும் செய்யச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். வலி பெருமளவு குறைந்தவர்கள் அல்லது அடியோடு நீங்கியவர்கள் முதல் கோஷ்டியில் நூற்றுக்கு 73, இரண்டாவதில் 59, மூன்றாவதில் 21. அவர்களுக்கும் நம்மைப் போல வீடும் வேலையும் உண்டு. செய்தவர்களுக்குப் பலித்தது, அவ்வளவுதான் ரகசியம்.

பத்து நிமிஷப் பயிற்சி

மாமிக்கு அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததை அருகிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். பின்னால் சொல்லியிருக்கும் அபாயக் குறிகள் எதுவும் இல்லாதவர்கள் செய்து பார்க்கலாம். முதுகு சாய்ந்த நாற்காலி ஒன்று போதும்.

ஒன்று: நேரே பார்த்தபடி மோவாயை மட்டும் பின்னால் இழுங்கள். தலை குனியக் கூடாது. அலமாரியின் இழுப்பறையை உள்ளே தள்ளுகிற மாதிரி மட்டமாகப் போக வேண்டும். இரட்டை மோவாய் தெரியும். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள்! ஐந்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை.

இரண்டு: தலையை வலது பக்கம் மெதுவாகத் திருப்புங்கள், பிறகு இடது பக்கம். அப்புறம் காதைத் தோளை நோக்கிச் சாயுங்கள். தோள் காதை நோக்கி ஏறி வரக் கூடாது. பக்கத்துக்கு ஐந்து.

மூன்று: உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, தலையால் கையையும் கையால் தலையையும் தள்ளுங்கள். தலை அசையக் கூடாது. பாதி பலம் போதும். மூச்சை அடக்க வேண்டாம், ஐந்து எண்ணுங்கள். இப்படியே பின்னந்தலையிலும் இரு பக்கமும். ஒவ்வொன்றும் ஐந்து தடவை.

நான்கு: தோள்பட்டை இரண்டையும் பின்னால் இழுத்து, நடுவில் ஒரு பென்சிலை இடுக்கிப் பிடிப்பது போல நெருக்குங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை.

ஐந்து: அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டை இரண்டு கையிலும் பிடித்து, தோளைக் காது வரை ஏற்றி மெதுவாக இறக்குங்கள். பத்துத் தடவை. இரண்டு வாரத்தில் சுலபமாகிவிட்டால் ஒரு லிட்டர்ப் புட்டிக்கு மாறுங்கள். மாறாமல் அரை லிட்டரிலேயே நின்றுவிட்டால் தசையும் அங்கேயே நின்றுவிடும்.

செய்யும்போது கொஞ்சம் இழுப்பது சகஜம். மறுநாள் லேசாக வலித்தாலும் பயமில்லை. ஆனால் வலி கையில் இறங்கினாலோ, மரத்துப் போனாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

தலையணைக்கு ஒரு வார்த்தை. ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பும் உயரம் போதும்; மல்லாந்து படுத்தால் அதைவிடக் குறைவு. குப்புறப் படுத்தால் கழுத்து இரவு முழுவதும் ஒரு பக்கமே திரும்பிக் கிடக்கும்; அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேடை தாழ்வாக இருந்தால் காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள். போனை மேடைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசுங்கள். ரகசியம் வெளியே கேட்குமே என்பீர்கள். அதனால் வம்பும் சற்றுக் குறையும்!

இவர்கள் காத்திருக்கக் கூடாது

பெரும்பாலான கழுத்து வலி சில வாரங்களில் தணிந்துவிடும்; திரும்பி வருவதும் அதன் சுபாவம். ஆனால் சில குறிகள் தெரிந்தால் பயிற்சியும் வேண்டாம், தைலமும் வேண்டாம்; நேரே டாக்டரிடம் போங்கள். விழுந்தோ வண்டியில் அடிபட்டோ வந்த வலி. ஜுரத்தோடு கழுத்து விறைப்பது. கையில் பலம் குறைந்து பாத்திரம் நழுவுவது, ரவிக்கைக் கொக்கி மாட்ட வராதது. நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது. இரவிலும் ஓயாத வலியோடு உடம்பு இளைப்பது. முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வலி தோன்றுவது. திடீரென்று இதுவரை கண்டிராத கழுத்து வலியோடு தலைசுற்றல், பேச்சுக் குழறல், முகம் கோணுவது. கடைசியாக, மிக முக்கியமாக: நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றோடு கழுத்திலும் தாடையிலும் வலி. அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களாகிய நாம் அதை 'வாயு' என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றை வீட்டு ஆண்களுக்குப் படித்துக் காட்டுங்கள். முடி வெட்டிக்கொண்டதும் தலையை 'டக்'கென்று திருகி நெட்டி எடுக்கச் சொல்கிறார்களே, அது வேண்டாம். கழுத்தெலும்பின் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் ஓடுகிறது. திருகலில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வந்தான், ஆனாலும் ஒரு சத்தத்துக்காக அந்த அபூர்வத்தை விலைக்கு வாங்குவானேன்?

சிகிச்சைக்குப் போகும் இடத்தில் பிஸியோதெரபியில் பட்டம் பெற்றவர்தானா என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு இல்லை. பணம் கட்ட முடியாதவர்கள் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் சேவைகளில் பிஸியோதெரபியையும் சேர்த்தார்கள்.

பத்து நிமிஷம் யாருடையது?

மாமி முதல் வாரம் ஒரு நாள்கூடப் பயிற்சி செய்யவில்லை. அந்தப் பெண் கேட்டதற்கு, "நேரமே கிடைக்கலைடிம்மா" என்றார். ஐந்தரைக்கு எழுந்து பத்தரைக்குப் படுக்கும் மனுஷி. மாமாவுக்கு மாத்திரை, குழந்தைக்குக் கஞ்சி, மாட்டுப்பெண்ணுக்கு டப்பா, எல்லாம் மணிப்படி நடக்கிறது. அதில் அவருக்கென்று பத்து நிமிஷம் இல்லை. உங்களுக்கு இருக்கிறதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. மாமியை ஒன்றும் சொல்லாமல் மறுமுறை மாமாவையும் அழைத்து வரச் சொன்னாள். "ஐயா, காலையில ஆறரைலேருந்து ஆறே முக்கால் வரைக்கும் அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது. இதுதான் மருந்து. நீங்கதான் இதைக் கொடுக்கணும்" என்றாள். மறுநாள் முதல் அந்த வீட்டில் மாமாதான் காப்பி போடுகிறார். முதல் நாள் காப்பியைப் பற்றி நான் எழுதுவதற்கில்லை.

நான்காவது வாரத்தில் மாமி பயந்துகொண்டே கேட்டார்: "குழந்தையைத் தூக்கலாமா?" அவள் உடனே 'ஆகட்டும்' என்று சொல்லவில்லை, 'கூடாது' என்றும் சொல்லவில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை மார்போடு அணைத்துத் தூக்கச் சொன்னாள். அடுத்த வாரம் ஐந்து கிலோ அரிசிப் பை. அதற்கடுத்து ஏழு, எட்டு என்று ஏற்றிக்கொண்டே போனாள். குனிந்து தூக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஏற்றி, உடம்போடு சேர்த்துப் பிடித்து எழுந்திருக்கப் பழக்கினாள். பேத்தியின் எடை பத்துக் கிலோ. எட்டாவது வாரம் பத்துக் கிலோ அரிசி மாமியின் இடுப்பில் ஏறிவிட்டது.

அன்று மாலை நான் எதிர் வீட்டில்தான் இருந்தேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைக் கூப்பிட்டார். அது கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தது, கையைத் தூக்கவில்லை. மறந்துவிட்டதல்லவா! மாமிதான் இரண்டு கையையும் நீட்டினார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஓடி வந்து மடியில் ஏறிற்று. மாமி அணைத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். வாசலில் காய்கறிக்காரர் குரல் கேட்டது. மாமி தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

எழுபத்தைந்து நாளுக்கு முன் அந்த எக்ஸ்ரேயில் இருந்த தேய்மானம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக் காலை ஆறரைக்கு உங்கள் வீட்டில் காப்பி போடப் போவது யார் என்பதை இன்றிரவே பேசி முடிவு செய்துவிடுங்கள்.